பழைய சுருக்கக் கோப்புகளைத் திறப்பது எப்படி? ஏஆர்ஜே, ஆர்க், எல்இசட்எச், ஏஸ், உடைந்த ஜிப்

கார்முகில்:
வணக்கம் நண்பர்களே. பறவைகளைக் கணக்கெடுத்து வந்த ஓர் ஆய்வாளர் 1990களில் சேர்த்து வைத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஃபிளாப்பிகளை ஏற்கெனவே பிம்பக் கோப்புகளாக (வட்டின் முழு நகல்களாக) எடுத்துவிட்டார்கள், அதனால் படிப்பதில் சிக்கல் இல்லை. உள்ளே இருக்கும் சுருக்கக் கோப்புகள்தான் திறக்க மறுக்கின்றன. ஏஆர்ஜே என்று ஒன்று, அதோடு ஏ01, ஏ03 என்று முடியும் துணைக் கோப்புகள். சில எல்இசட்எச், சில ஆர்க், ஒரு ஏஸ், ஒரு எஸ்ஐடி. ஒரு இஎக்ஸ்இ கோப்பு, அதைச் சொடுக்கினால் இந்தக் கணினியில் ஓடாது என்று செய்தி வருகிறது. ஒரு ஜிப் கோப்பு, சாதாரண ஜிப்தான், அதுவும் பிழை காட்டுகிறது. என்னிடம் இருப்பது 64-பிட் விண்டோஸ். லினக்ஸ் கொஞ்சம் பழக்கம் உண்டு. எங்கிருந்து தொடங்குவது?

பைட்டன்:
முதல்ல செவன்-ஜிப் போடுங்க. ஏஆர்ஜே, எல்இசட்எச், கேப், யூனிக்ஸ் காலத்து இசட், ரார் எல்லாத்தையும் அதுவே திறக்கும். ஆர்க், ஏஸ், எஸ்ஐடி மூணும் அதுல வராது, அதுக்கு வேற வழி பார்க்கணும்.

அந்த இஎக்ஸ்இ 16-பிட் நிரலா இருக்கும். 64-பிட் விண்டோஸ்ல அது ஓடவே ஓடாது, நீங்க என்ன அமைப்பை மாத்தினாலும் சரி. ஆனா ஓட்ட வேண்டிய தேவையும் இல்ல. தானே விரியும் கோப்புன்னா முன்னாடி ஒரு சின்ன நிரல், பின்னாடி வழக்கமான சுருக்கக் கோப்பு, அவ்வளவுதான். ஜிப்பை வச்சு செஞ்சதா இருந்தா செவன்-ஜிப்ல ரைட் கிளிக் பண்ணித் திறந்தாலே உள்ள இருக்கறது தெரியும். தெரியலன்னா டாஸ்பாக்ஸ்ல (விண்டோஸுக்கு முந்தின டாஸ் கணினி மாதிரியே நடிக்கற நிரல்) ஒரு காலி ஃபோல்டரை மவுண்ட் பண்ணி அதுக்குள்ள ஓட விடுங்க.

எழுநிலவு:
பைட்டன் சொன்னது சரி. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள் கார்முகில். பிம்பங்களிலிருந்து வெளியே எடுத்த கோப்புகள் அனைத்துக்கும் ஷா-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்துவிட்டு, மூலங்களைப் படிக்க மட்டும் அனுமதி உள்ள இடத்தில் பூட்டி வையுங்கள். இனிமேல் தொடுவதெல்லாம் நகலாகவே இருக்கட்டும். பழைய வட்டுகளில் டாஸ் காலத்து வைரஸ்கள் கிடப்பது சகஜம். பெரும்பாலானவை இன்றைய கணினியில் உயிர்பெறாது என்றாலும், டாஸ்பாக்ஸுக்குள் ஓட்டும்போது உங்கள் ஒரே பிரதி இருக்கும் ஃபோல்டரை அதற்குக் காட்டக் கூடாது.

அடுத்தது, கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஒட்டை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து ஒட்டு. இடம் போதாமல் ஒட்டையே தேதியாகவும் வரிசை எண்ணாகவும் மாற்றி வைத்தவர்கள் நிறைய. பைட்டுகளை அப்படியே காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் இருபது பைட்டுகளைப் பாருங்கள், கோப்பு தன் இனத்தை அங்கேயே சொல்லிவிடும். ஜிப் என்றால் முதல் இரண்டு எழுத்து பி, கே. வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. ரார் தன் பெயரையே ஓர் ஆச்சரியக்குறியோடு எழுதி வைத்திருக்கும். எல்இசட்எச்சில் மூன்றாவது பைட்டிலிருந்து இரண்டு சிறுகோடுகளுக்கு நடுவே எல், எச், பிறகு ஓர் எண் வரும். பெரும்பாலும் 5, இன்னும் பழையது என்றால் 1. ஏஸ் கோப்பில் எட்டாவது பைட்டிலிருந்து இரண்டு நட்சத்திரக் குறி, ஏஸ், மீண்டும் இரண்டு நட்சத்திரக் குறி. ஏஆர்ஜேவுக்கு எழுத்து இல்லை. பதின்ம எண்ணில் 96, 234 என்று தொடங்கும். ஜிஜிப் 31, 139. யூனிக்ஸின் கம்ப்ரஸ் 31, 157. ஆர்க் கோப்பின் முதல் பைட் 26. அது ஒற்றை பைட் அடையாளம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. இரண்டு பைட் தள்ளி ஒரு கோப்புப் பெயர் படிக்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லினக்ஸ் இருந்தால் ஃபைல் என்ற கட்டளை இந்த வேலையைத் தானே செய்யும். ஆனாலும் ஒருமுறை கண்ணால் பார்த்துப் பழகுங்கள். கோப்பு உடைந்திருக்கும்போது கருவி கைவிரித்துவிடும், கண் கைவிரிக்காது.

ஆலங்கிளி:
ஏஸ் கோப்பைப் பற்றி எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் பழைய வின்ஏஸையோ பழைய வின்ராரையோ இறக்கச் சொல்லும் பக்கங்கள்தான் முதலில் வரும். செய்யாதீர்கள்.

ஏஸைத் திறக்கப் பல மென்பொருள்கள் நம்பியிருந்தது அன்ஏஸ்வி2 என்ற ஒரே டிஎல்எல் நூலகத்தை. அதில் பாதைப் பெயரைச் சரிபார்ப்பதில் பெரிய ஓட்டை இருப்பதை செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2019 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். விரிக்கும் கோப்பை நீங்கள் சொன்ன ஃபோல்டரில் போடாமல், கணினி தொடங்கும்போது தானே ஓடும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டுவிட முடியும். அடுத்த முறை கணினியைத் திறந்ததும் அது ஓடும். அந்த நூலகத்தின் மூல நிரல் வின்ரார் குழுவிடம் இல்லாததால் திருத்த வழியில்லை. 5.70 பதிப்பில் ஏஸ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ஏஸ் கோப்புக்கு ரார் என்று பெயர் மாற்றி அனுப்பினாலும் பழைய பதிப்புகள் உள்ளே பார்த்துத் திறந்துவிடும், அதனால் ஒட்டைப் பார்த்துத் தப்பிக்கவும் முடியாது.

பாதுகாப்பான வழி, பைத்தான் நிரல்மொழியில் முழுக்க எழுதப்பட்ட ஏஸ்ஃபைல் என்ற தொகுதி. மெதுவாக ஓடும். ஃபிளாப்பி அளவுக் கோப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பைட்டன்:
ஆர்க்குக்கும் எஸ்ஐடிக்கும் லினக்ஸ்ல அன்ஆர் கட்டளை இருக்கு. மேக்கின் தி அன்ஆர்க்கைவர் இருக்கே, அதோட உள்ளுறுப்புதான். ஆர்க், ஜூ, எல்இசட்எச், ஸ்டஃபிட், காம்பாக்ட் புரோ எல்லாம் திறக்கும். முதல்ல எல்எஸ்ஏஆர் கட்டளையில பட்டியலை மட்டும் பாருங்க, அப்புறம் விரிங்க. பெயர்கள் குப்பையா வந்தா எழுத்துக்குறியாக்கத்தை நீங்களே சொல்லலாம். எல்இசட்எச் ஜப்பான்ல ரொம்பப் புழங்கின வடிவம், அங்கிருந்து வந்த கோப்புன்னா பெயர் ஷிஃப்ட்-ஜிஸ்ங்கற ஜப்பானிய எழுத்துக்குறியாக்கத்துல இருக்கும். பெயர் குப்பையா இருந்தாலும் உள்ளடக்கத்துக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க.

எஸ்ஐடிங்கறது ஸ்டஃபிட் கோப்பு, மேக்ல செஞ்சது. பழைய மேக்ல ஒரு கோப்புக்கு ரெண்டு கிளை உண்டு, தரவு ஒண்ணு, ரிசோர்ஸ் ஒண்ணு. விண்டோஸ்ல நேரா விரிச்சா ரெண்டாவது தொலைஞ்சு போகும். உரைக் கோப்புன்னா பரவாயில்ல. எழுத்துருவோ மேக் நிரலோ இருந்தா ரெண்டும் வேணும்.

கார்முகில்:
மிக்க நன்றி எல்லோருக்கும். முதல் சுற்று முடிவு இது.

எல்இசட்எச் எல்லாம் செவன்-ஜிப்பிலேயே திறந்துவிட்டன. இஎக்ஸ்இக்குள் இருந்தது ஜிப்தான், உள்ளே முழு ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்று. ஏஸ், எஸ்ஐடி இரண்டும் சொன்னபடியே திறந்தன. ஆர்க்கில் ஒன்று மட்டும் பழைய டாஸ் நிரல் ஒன்றில் "தெரியாத முறை" என்று சொன்னது, அன்ஆரில் திறந்துவிட்டது. ஏன் அப்படி?

மீதி மூன்று சிக்கல்கள். ஜிப் இன்னும் பிழைதான். இன்னொரு ஜிப் கடவுச்சொல் கேட்கிறது. ஏஆர்ஜேவில் ஏ02 எந்த வட்டிலும் இல்லை.

எழுநிலவு:
ஆர்க் கதை இது. அந்த வடிவத்தை 1985இல் சிஸ்டம் என்ஹான்ஸ்மென்ட் அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனம் கொண்டுவந்தது. ஃபில் காட்ஸ் அதே வடிவத்துக்கு வேகமான நிரலாக பிகேஆர்க் எழுதினார். அதில் ஸ்குவாஷ் என்ற புதிய சுருக்க முறையையும் சேர்த்தார். மூல ஆர்க் நிரலுக்கு அந்த முறை தெரியாது. உங்கள் கோப்பு பிகேஆர்க்கில் செய்ததாக இருக்கும். 1988இல் வழக்கு வந்து, சமரசத்தில் அவர் ஆர்க்கைக் கைவிட்டு, 1989இல் ஜிப் வடிவத்தை வெளியிட்டார். வடிவத்தின் விவரக்குறிப்பை யாரும் பயன்படுத்தலாம் என்று கூடவே வெளியிட்டார். 1989இல் செய்த ஒரு ஜிப் இன்றைக்கும் எளிதாகத் திறக்கிறது என்றால் அதற்கு அந்த ஒரு முடிவு பெரிய காரணம். ஏஸின் நிலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடிய நூலகம் ஒன்றில் அடைபட்ட வடிவம், அந்த நூலகம் பழுதானதும் கூடவே விழுந்தது.

மணற்கேணி:
அந்த உடைந்த ஜிப்பைப் பற்றி மூன்று கேள்விகள். அது ஃபிளாப்பியில் மட்டும் இருந்ததா, இல்லை எஃப்டிபி (கோப்புகளை வலை வழியே அனுப்பும் பழைய முறை) வழியாக எங்கிருந்தாவது இறக்கியதா? ஹெக்ஸ் எடிட்டரில் தேடும்போது, முன்னால் 13 என்ற பைட் இல்லாத 10 ஒன்றாவது தட்டுப்படுகிறதா? 13, 13, 10 என்று மூன்றும் தொடர்ச்சியாக எங்காவது வருகிறதா?

கார்முகில்:
உரைக்குறிப்பு ஒன்றில் "பல்கலைக்கழக வழங்கியிலிருந்து இறக்கியது" என்று எழுதியிருக்கிறார். தேடிப் பார்த்தேன். தனியாக ஒரு 10 கூட இல்லை, எல்லாவற்றுக்கும் முன்னால் 13 நிற்கிறது. 13, 13, 10 சில இடங்களில் வருகிறது.

மணற்கேணி:
அப்படியானால் கோப்பை முழுதாக மீட்கலாம். நல்ல செய்தி இது.

நடந்தது என்னவென்றால், எஃப்டிபியில் பைனரி முறை, உரை முறை என்று இரண்டு உண்டு. உரை முறையில் அனுப்பினால், யூனிக்ஸின் வரி முடிவான 10 என்ற பைட்டை டாஸின் வரி முடிவான 13, 10 என்ற இணையாக மாற்றிக்கொண்டே வரும். கடிதத்துக்கு அது உதவி. ஜிப்புக்கு நாசம். சுருக்கிய தரவில் எந்த பைட்டும் ஏறக்குறைய சமமாக, 256க்கு ஒன்று என்ற கணக்கில் வரும். அதாவது 100 கேபி கோப்பில் சுமார் 400 இடங்களில் ஒரு 13 கூடுதலாக நுழைந்திருக்கும். இந்த அளவுள்ள ஒழுங்கான ஜிப்பில் தனி 10 இல்லாமல் இருக்கவே முடியாது, அதனால்தான் அதைக் கேட்டேன்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. மாற்றிய நிரல் இரண்டு விதமாக நடந்திருக்கலாம். எல்லா 10க்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு 13 சேர்த்திருந்தால், மூலத்திலேயே 13, 10 என்று இருந்த இடங்கள் 13, 13, 10 ஆகியிருக்கும். அப்படிப்பட்ட இடங்கள் 65,536க்கு ஒன்று என்ற கணக்கில் வரும். உங்கள் கோப்பில் அவை இருக்கின்றன. ஆகவே எந்தச் சந்தேகமும் இல்லாமல் திருப்பலாம். ஒவ்வொரு 10க்கும் முன்னால் இருக்கும் ஒரே ஒரு 13ஐ நீக்குங்கள். பைத்தானில் கோப்பை பைனரியாகப் படித்து ரீப்ளேஸ் போட்டால் ஒரே வரி. உரைத் திருத்தியில் செய்துவிடாதீர்கள், அது இன்னொரு சுற்று மாற்றத்தைச் சேர்த்துவிடும்.

சரியாக வந்ததா என்று ஜிப்பே சொல்லும். கோப்பின் கடைசியில் மையப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்ற எண் எழுதியிருக்கும். திருத்திய பிறகு பட்டியல் சரியாக அந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது, அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. 13, 13, 10 எங்குமே இல்லையென்றால், நிரல் ஏற்கெனவே இருந்த 13, 10 இணைகளைத் தொடாமல் விட்டிருக்கும். அப்போது எல்லாவற்றையும் நீக்கினால் 64 கேபிக்கு ஒரு பைட் என்ற அளவில் குறையும். எத்தனை குறைகிறது என்பது ஜிப்புக்குள் கோப்பின் விவரங்களை எழுதிய தலைப்பில் உள்ள அளவிலிருந்து தெரியும். ஒரு பைட் குறைகிறது என்றால் ஒவ்வொரு 10ஆக எடுத்து, அதற்கு முன் மட்டும் ஒரு 13ஐத் திருப்பிப் போட்டு சிஆர்சி பொருந்தும்வரை ஓட விட வேண்டியதுதான். கணினி அதைச் சலிக்காமல் செய்யும்.

கார்முகில்:
திறந்துவிட்டது! எல்லாக் கோப்புகளின் சிஆர்சியும் சரி. மணற்கேணி, இது கிடைக்காது என்றே முடிவுகட்டியிருந்தார்கள். நான்கு ஆண்டுக் கணக்கெடுப்பு உள்ளே இருக்கிறது. நன்றி என்று சொன்னால் போதாது.

தாழ்வாரம்:
வாழ்த்துகள். இப்போது எல்லாம் திறந்தாயிற்று அல்லவா, அனைத்தையும் ஒரே 7இசட் (செவன்-ஜிப்பின் சொந்த வடிவம்) கோப்பாகச் சுருக்கி வைத்துவிட்டு அந்த ஆர்க், ஏஸ், எல்இசட்எச் குப்பையை எல்லாம் அழித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்து வருபவரும் இதே பாடுபட வேண்டும். வடிவங்களைக் குறைப்பதுதான் பாதுகாப்பு.

எழுநிலவு:
இதில் நான் உடன்படவில்லை தாழ்வாரம். மூலக் கோப்பில் விரித்தபின் கிடைக்காத தகவல் இருக்கிறது. ஏஆர்ஜேவிலும் ஜிப்பிலும் குறிப்புரை எழுதும் வசதி உண்டு. அவர் அங்கே எதையாவது எழுதி வைத்திருக்கலாம், விரிக்கும்போது அது வெளியே வராது. கோப்பின் நேரமும் அப்படித்தான். டாஸ் கால வடிவங்கள் உள்ளூர் நேரத்தை நேர மண்டலம் இல்லாமல் இரண்டு வினாடித் துல்லியத்தில் பதிவுசெய்தன. சில கருவிகள் விரிக்கும்போது அதை மாற்றிவிடும், சில இன்றைய தேதியைப் போட்டுவிடும். பறவைக் கணக்கில் தேதி என்பதே தரவு. நாளை ஒரு கருவி தவறாக விரித்திருக்கிறது என்று தெரிந்தால் திரும்பிப் போக மூலம் வேண்டும். மொத்தமும் சில எம்பிதானே, ஏன் அழிக்க வேண்டும்?

தாழ்வாரம்:
இடத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டு பிரதி இருந்தால் எது சரி என்ற குழப்பம் வரும் என்பதுதான் என் கவலை. அதை நேரில் பார்த்திருக்கிறேன், ஒருவர் விரித்த பிரதியைத் திருத்துவார், இன்னொருவர் மூலத்தை மீண்டும் விரித்து அதன்மேல் எழுதிவிடுவார்.

ஆலங்கிளி:
இரண்டு கவலையும் நியாயம். மூலம் ஒரு ஃபோல்டர், பூட்டியது, ஷா-256 பட்டியலோடு. விரித்தவை இன்னொன்று, அதைச் சுருக்கவே வேண்டாம், வெறும் கோப்புகளாக. எந்தக் கருவியின் எந்தப் பதிப்பால் விரித்தது என்று ஓர் உரைக் கோப்பு. திருத்துபவர்கள் மூன்றாவது பிரதியில் திருத்தட்டும். வெறும் கோப்பில் ஒரு பைட் பழுதானால் ஓர் எழுத்து போகும். எல்லாவற்றையும் ஒரே தொடராகச் சேர்த்துத் திட அமைப்பில் சுருக்கிய 7இசட்டில் ஒரு பைட் பழுதானால் அதற்குப் பின் வரும் கோப்புகளும் போகும்.

தாழ்வாரம்:
திருத்தங்கள் மூன்றாவது பிரதியில் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பைட்டன்:
கடவுச்சொல் ஜிப் பத்தி யாரும் சொல்லல. அது 1990கள் கோப்புன்னா ஃபில் காட்ஸோட பிகேஜிப் நிரல் போட்ட பழைய பூட்டுதான். பிஹாம், கோச்சர்னு ரெண்டு மறையாக்க ஆய்வாளர்கள் 1994லேயே அதை உடைச்சுக் காட்டிட்டாங்க. கடவுச்சொல்லை ஊகிக்க வேண்டியதே இல்ல. உள்ளே இருக்கற தரவுல 12 பைட் தெரிஞ்சாப் போதும், அதுல 8 தொடர்ச்சியா இருக்கணும். பிகேகிராக்னு இலவச நிரல் இருக்கு.

ஆனா தெரிய வேண்டியது சுருக்கின பிறகு இருக்கற பைட். அதுதான் சிரமம். பூட்டின ஜிப்லயும் பெயர், அளவு, சிஆர்சி மூணும் பூட்டாமலேதான் இருக்கும். பட்டியலை எடுத்து, உங்ககிட்ட ஏற்கெனவே திறந்த ஜிப்கள்ல அதே சிஆர்சி உள்ள கோப்பு ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்து, ரெண்டுலயும் அதை ஒரே மாதிரி சுருக்கியிருந்தா, ரெண்டு ஜிப்பையும் அப்படியே நிரலுக்குக் கொடுத்தாப் போதும். அந்த ஆய்வாளரோட குடும்பத்தார் அனுமதி இருக்கில்லையா?

கார்முகில்:
குடும்பத்தார் எழுத்திலேயே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சிஆர்சி ஒப்பிட்டேன். கணக்கெடுப்புப் படிவத்தின் வெற்று மாதிரி இரண்டிலும் இருக்கிறது, ஒரே சிஆர்சி. நிரல் ஓடிச் சாவி கிடைத்துவிட்டது. உள்ளே கூடு கட்டும் இடங்களின் பட்டியல். அதனால்தான் பூட்டியிருக்கிறார் என்று புரிகிறது. அதை வெளியிடப் போவதில்லை.

இனி மிச்சம் ஏஆர்ஜேதான். ஏ02 இல்லாமல் ஏதாவது கிடைக்குமா?

எழுநிலவு:
நிறையவே கிடைக்கும். ஏஆர்ஜே ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தத் தலைப்பு உண்டு, தனியாகவே திறக்கலாம். ஏ01இன் கடைசியில் தொடங்கி ஏ02க்குள் போகும் கோப்பு ஒன்று, ஏ02க்குள்ளேயே இருப்பவை, ஏ02இல் தொடங்கி ஏ03இல் முடியும் கோப்பு ஒன்று, இவை மட்டும்தான் பாதிப்பு. லினக்ஸில் திறந்த மூல ஏஆர்ஜே நிரல் கிடைக்கிறது. ஏ03ஐ அதில் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள்.

கார்முகில்:
ஏ03இல் இருந்த முழுக் கோப்புகள் வந்துவிட்டன. தொல்லை என்னவென்றால், பெரிய கோப்பு ஒன்று ஏ01இல் தொடங்கி ஏ02 முழுவதையும் கடந்து ஏ03இல் முடிகிறது. டிபிஎஃப் என்ற பழைய தரவுத்தளக் கோப்பு. முன்பாதியும் வால்பகுதியும் இருக்கின்றன, நடுவில் இல்லை. லிப்ரெஆஃபிஸ் முன்பாதியைத் திறக்கவில்லை.

மணற்கேணி:
டிபிஎஃப் என்றால் நல்லவேளை. அதில் ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம். தலைப்பில் 5 முதல் 8 வரையிலான பைட்டுகள் பதிவுகளின் எண்ணிக்கை, 9, 10 தலைப்பின் நீளம், 11, 12 ஒரு பதிவின் நீளம். எல்லாம் சிறிய பைட் முதலில் வரும் வரிசை. முன்பாதியின் அளவிலிருந்து தலைப்பைக் கழித்து, பதிவு நீளத்தால் வகுத்து, முழுதாக இருக்கும் பதிவுகளின் எண்ணிக்கையை 5 முதல் 8 வரை எழுதுங்கள். மிச்சமிருக்கும் அரைப்பதிவை வெட்டிவிடுங்கள். நகலில்தான்.

வாலுக்குத் தலைப்பு இல்லை, ஆனால் முன்பாதியின் தலைப்பையே அதற்கும் வைக்கலாம். பதிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் 32 அல்லது 42ஆக இருக்கும் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். 42 என்றால் அழித்ததாகக் குறித்த பதிவு. கோப்பின் கடைசியில் 26 என்ற ஒரு பைட் இருந்தால் அதை விட்டுவிட்டு, பின்னாலிருந்து பதிவு நீளத்தால் எண்ணிக்கொண்டு முன்னே வாருங்கள்.

கார்முகில்:
இரண்டும் திறந்தன. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு பருவத்தின் பிற்பகுதி மட்டும் இல்லை. அதை இடைவெளி என்றே குறித்து, ஏ02 காணவில்லை என்ற காரணத்தோடு உரைக் கோப்பில் எழுதிவிட்டேன். 42 என்று குறித்த பதிவுகளும் சில கிடைத்தன, அவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.